கடலைக்குள் கனகம்

புத்தகம் தைக்கிறவன் புத்தகம் படிக்கக் கூடாது என்பது மொய்னுதீன் பாய் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். படிக்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும், கை நின்றால் பசை காய்ந்துவிடும் என்பார். உண்மைக் காரணம் வேறு. கதை என்று எதைத் தொட்டாலும் இரண்டாம் பக்கத்தில் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அதை வெளியே சொல்வதில்லை.

தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. திருவண்ணாமலையில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்த குடும்பங்கள், கதை முடிந்ததும் அந்தத் தாள்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வரும். தைத்து, ஓரம் வெட்டி, வெட்டிய ஓரத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்து, அட்டை போட்டுக் கொடுப்பார். அட்டையின் உள்பக்கம் அவரே அச்சடித்து வைத்திருந்த சீட்டு ஒன்றை ஒட்டுவார். அதில், "இதில் ஒரு தாள் இடம் மாறியிருந்தாலும் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன். இப்படிக்கு, கா.மொய்னுதீன்" என்றிருக்கும். யாரும் கேட்டுக் கட்டாயப்படுத்தவில்லை. சும்மா இருந்த வாயை அவரேதான் கொடுத்தார்.

அவர் மனைவி மெஹ்ருன்னிசாவுக்குப் படிக்கக் கூடாதென்ற சட்டமெல்லாம் கிடையாது. தைத்து முடித்த கட்டு, ஓரம் வெட்டப்படுவதற்கு முன்னால் ஒருநாள் சும்மா கிடக்கும். அந்த ஒருநாளில் அவள் அதைப் படித்து முடித்துவிடுவாள். மதியம் அவர் சாப்பிட உட்காரும்போது தன் அபிப்பிராயத்தையும் சோற்றோடு பரிமாறுவாள்.

"இந்த ஆளு ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல போலங்க. டாக்டரு வந்ததும் வராததுமா பாட்டுப் பாடறாரு" என்பாள்.

"ம்" என்பார் பாய்.

"கதாநாயகி அழுகை ஜாஸ்தி, மூளை கம்மி."

"ம்."

பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்த "ம்" ஒரு நாளும் நீண்டதில்லை, குறைந்ததும் இல்லை. அவள் மனம் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள் என்பதுதான் ஆச்சரியம்.

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை தீபம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் இறங்கிய பலராமன் நேரே கடைக்கு வந்து நின்றார். கடலை பயிரிடுகிறவர். "முத்தொளி" வார இதழில் வந்த "நிலமும் நாமும்" என்ற விவசாயத் தொடரைக் கிழித்துச் சேர்த்து, தீபத்துக்கு முன்னால் தைக்கக் கொடுத்து வாங்கிப் போயிருந்தார். இப்போது அந்தப் புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது.

"இன்னா பாய், இப்படிப் பண்ணிட்ட?" என்றார்.

"ஏன், தையல் விட்டுப்போச்சா?"

"தையல் கெடக்குது. அந்தப் பொண்ணு இன்னா ஆனா? அத்தச் சொல்லு மொதல்ல."

"எந்தப் பொண்ணு?"

"கனகம்!"

பலராமன் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பதினாறாம் பகுதியில் கடலைக்கு ஏற்ற மண். பக்கத்தைத் திருப்பினால் பதினேழு: "விழுப்புரம் ஜங்ஷனில் கனகம் இறங்கியபோது மழை விட்டிருந்தது. குடையை ரயிலிலேயே மறந்துவிட்டாள்."

"மொதல்ல நான் இன்னா நெனச்சேன்னா, இந்தப் பொண்ணு விவசாய ஆபீசரு போல, பூச்சி மருந்து வாங்க விழுப்புரம் வந்துகீதுன்னு நெனச்சேன். ரெண்டு பக்கம் போன பொறவுதான் இது வேற வெவகாரம்னு தெரிஞ்சுது. தெரிஞ்சப்போ கீழ வைக்க முடியல. வூட்டுக்காரி ஆராயிக்கும் படிச்சுக் காட்டினேன். அண்ணன்காரன் தேடிக்கினு வரான், இவ மூட்டை தள்ற வண்டிக்குப் பின்னால ஒளியறா, ரயிலு கெளம்பிடுது, இவ ஓடறா, பெட்டியிலேர்ந்து ஒரு கை நீளுது. கைய நீட்டி இவளைப் புடிக்குது. அவ்ளோதான்! அடுத்த பக்கம் தொழு உரம்!"

"அண்ணா..."

"அது யாரோட கை பாய்? ஆராயி நாலு நாளா என்கூடப் பேசல. தெரிஞ்சுகினு வராம வூட்டுக்குள்ள வராதன்றா."

நடந்தது மொய்னுதீன் பாய்க்கு இப்போது பளிச்சென்று தெரிந்தது. தீபத் திருவிழாவில் தேர் இழுத்த அன்று காலை, இரண்டு கட்டுகளையும் எட்டெட்டு அத்தியாயமாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார். ஒன்று பலராமனின் கடலை. இன்னொன்று அதே முத்தொளியில் வந்த "ஈரக் குடை" என்ற தொடர்கதை. ஒரே தாள், ஒரே அளவு. தேர் வருகிறதென்று சந்தே எழுந்து ஓடியபோது அவரும் எழுந்து ஓடினார். திரும்பி வந்து மேலே இருந்த எண்ணை மட்டும் பார்த்துத் தைத்தார். பதினாறுக்குப் பின் பதினேழு, இருபத்துநான்குக்குப் பின் இருபத்தைந்து. எண்ணில் ஒரு பிசகும் இல்லை. கீழே இருந்தது கனகமா கடலையா என்று பார்க்க ஒரு வரி படித்திருக்க வேண்டும். சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் எட்டு அத்தியாயக் கடலை இப்போது ஈரக் குடைக்குள் இருந்தது. அந்த ஈரக் குடையோ, வேறு யாருடையதாகவும் இருந்திருக்கலாம், சக்கரபாணியுடையதாக இருந்து தொலைத்தது.

சக்கரபாணி தாலுகா ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாமலை நல்வாசகர் மன்றத்தின் செயலாளர். ஊரில் எந்தப் படம் ஓடும், எந்தப் பாட்டில் ஜீவன் இல்லை, எந்த எழுத்தாளன் ஒழிந்தான் என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானிப்பார். மன்றத்துக்கு ஒன்பது உறுப்பினர்கள். ஒரு புத்தகம் வீடு வீடாகச் சுற்றும், கடைசியில் கூட்டம் போட்டு ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். முன்பு ஒருமுறை கூட்ட நோட்டீஸில் தன் பட்டத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்காக முந்நூறு நோட்டீஸையும் அச்சகத்துக்காரரைக் கொண்டே கிழிக்க வைத்தவர். இந்த முறை சுற்றிக்கொண்டிருப்பது ஈரக் குடை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கதையை எழுதிய தேன்முகில் என்பவரே மெட்ராஸிலிருந்து வருகிறார். நடுவில் கடலையைப் பார்த்தால் சக்கரபாணி அந்தச் சீட்டை எடுத்து மேடையில் வாசிப்பார். பாய் தொழிலை விட வேண்டியதுதான்.

பின்பக்கமிருந்து மெஹ்ருன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கே சொன்னேனே. கடலைக்கு நடுவுல கனகம் வர்றா, கனகத்துக்கு நடுவுல கடலை வருதுன்னு ரெண்டு தபா சொன்னேன். நீங்க ம்முன்னீங்க. சரி, தெரிஞ்சுதான் தைக்கறீங்க போலன்னு விட்டுட்டேன்."

"எப்போ சொன்னே?"

"மொச்சைக்கொட்டைக் கொழம்பு வச்ச அன்னிக்கு."

குழம்பு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"தங்கச்சி, அப்போ உனக்கு ரெண்டும் தெரியும்! அந்தக் கை யாரோட கை?" என்று பலராமன் பாய்ந்தார்.

"சொன்னா ருசி போயிடும்ணா. முழுசும் படிச்சாத்தான் தெரியும். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாலும் அகப்படாது, எழுதினவரு நடுவுல எங்கயோ ஒரு வரியில ஒளிச்சு வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

பாய் சைக்கிளை எடுத்தார். எப்படியாவது புத்தகத்தை வாங்கி, பிரித்து, மாற்றித் தைத்துவிட்டால் தப்பித்தோம். தன்னிடமிருக்கும் கனகத்தின் எட்டு அத்தியாயத்தைக் கொடுத்தால்தான் தன் கடலை திரும்பும் என்பதால் பலராமனும் கேரியரில் ஏறிக்கொண்டார்.

முதலில் சக்கரபாணி வீடு. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"சார், அந்த ஈரக் குடை... அட்டையில கொஞ்சம் பசை பாக்கி இருக்குது. ஒருநாள் கொடுத்தா..."

"என் கையில் இல்லை பாய். முருகையன் வீட்டில் இருக்கும். என்ன காவியம்! என்ன ஓட்டம்!"

பாய் மெதுவாகக் கேட்டார். "பதினேழாவது அத்தியாயம் எப்படி சார் இருந்துச்சு?"

சக்கரபாணி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். "அதைப் பற்றிப் பேசவே கூடாது பாய். அனுபவிக்க வேண்டும்."

பாய் குழம்பிப்போனார். அனுபவிக்க அதில் என்ன இருக்கிறது, தொழு உரமா?

முருகையன் காபிப்பொடிக் கடை வைத்திருந்தவர். பொடி அரைத்துக்கொண்டே, புத்தகம் வேடியப்பனிடம் போய்விட்டதாகச் சொன்னார். பாய் இங்கேயும் கேட்டார், பதினேழு எப்படி என்று. முருகையன் மெஷினை நிறுத்திவிட்டார். "ஏன் பாய் ஞாபகப்படுத்தற? ரெண்டு நாள் சாப்பிடலை நானு. அந்தப் பதினேழு இருக்கே, மனுஷன் உசுரைப் புடுங்கிட்டான்."

மருந்துக்கடை வேடியப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார். "பதினேழிலிருந்து இருபத்துநாலு வரை தமிழுக்கே புதுசு" என்றார். இருபத்துநாலு என்ற எண்ணைக்கூடப் பாய்தான் வாய் தவறிச் சொல்லியிருந்தார்.

"அந்தக் கை யாரோட கைங்க?" என்று பலராமன் ஆவலோடு கேட்டார்.

"எந்தக் கை?" என்றார் வேடியப்பன். பிறகு சுதாரித்து, "அதை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மனசுல தேடிக்கணும்" என்றார்.

புத்தகம் கடைசியாகத் தலைமையாசிரியை மணியம்மாளிடம் இருந்தது. அவர் அதைச் சரிகைத்தாளில் சுற்றிப் பள்ளிக்கூட பீரோவில் பூட்டியிருந்தார். நாளைக்கு மேடையில்தான் திறக்கும் என்றுவிட்டார். "ஏங்க, பதினேழாவது அத்தியாயம் அவ்வளவு உசத்தின்னு ஊரே பேசுதே. நானும் அதைத்தான் குறிச்சு வச்சிருக்கேன். எழுத்தாளரையே வாசிக்கச் சொல்லப்போறோம்" என்றார்.

சந்துக்குச் சந்து நின்று அந்த அத்தியாயத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் தான்தான் என்பது பாய்க்குப் புரிந்தபோது, கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பலராமன்தான் மிதித்தார்.

மறுநாள் நாலு மணிக்குப் பள்ளிக்கூட ஹால் நிரம்பியிருந்தது. சக்கரபாணி சால்வை போட்டார், வரவேற்றார், மறுபடியும் வரவேற்றார். தேன்முகில் சுருள்முடியும் மூக்குக்கண்ணாடியுமாகக் களைத்துப்போயிருந்தார். ஒரே சமயத்தில் நாலு பத்திரிகைக்கு நாலு தொடர்கதை எழுதுகிறாராம். பாய் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆண்டவனே, மின்சாரமாவது போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். என்றைக்கும் போகிற மின்சாரம் அன்றைக்குப் போகவில்லை.

மணியம்மாள் சரிகைத்தாளைப் பிரித்துப் புத்தகத்தை நீட்டினார். தேன்முகில் பதினேழைத் தேடித் திறந்தார். மைக்கில் சரக் சரக் என்று ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. பாய் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எழுத்தாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்: "இலையின் அடியில் முதலில் மஞ்சளாய் ஒரு புள்ளி. அது மெல்லப் பழுப்பாகும். பார்ப்பவர் அதைப் பெரிதாக எண்ணமாட்டார். பத்தே நாளில் இலைகள் உதிரும். செடி வெறுங்குச்சியாய் நிற்கும்."

முருகையன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேன்முகிலும் நெகிழ்ந்துபோனார். "இதை எழுதின அன்னிக்கு நான் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கலை" என்றார். மேலே படித்தார்: "இந்நிலையில் ஏக்கருக்கு இருநூறு லிட்டர் வீதம்..."

அங்கே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். இருநூறு லிட்டர் அங்கேயேதான் இருந்தது.

சக்கரபாணி துள்ளி எழுந்தார். "கண்ணீர்! ஏக்கர் கணக்கில் கண்ணீர்! கனகத்தின் துயரத்தை இதைவிட அளந்து சொல்ல முடியுமா?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"யோவ், அது என் கடலைய்யா!"

கடைசி வரிசையில் பலராமன் எழுந்து நின்றிருந்தார். கையில் தன் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். "கண்ணீரும் இல்ல, தண்ணீரும் இல்ல. கடலைக்கு டிக்கா நோய் வந்தா அடிக்கிற மருந்து. கனகம் இதோ என்கிட்ட கீது. பதினேழுலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும் நான் வச்சினு கீறேன்!"

சிரிப்பு முதலில் மாணவிகள் பக்கமிருந்து கிளம்பியது. பிறகு ஹால் முழுக்கப் பரவியது. சக்கரபாணியின் முகம் சிவந்தது. அவமானப்பட்டவர் பழி போட வேறொருவரைத் தேடுவார். அவர் புத்தகத்தின் அட்டையைத் திறந்தார். மைக்கைக் கிட்டே இழுத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"இதில் ஒரு தாள் இடம் மாறியிருந்தாலும்... இந்தத் தொழிலையே... விட்டுவிடுகிறேன். பாய், இது உங்கள் வாக்குதானே? ஒரு தாள் இல்லை, எட்டு அத்தியாயம். ஊருக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்."

மொய்னுதீன் பாய் மேடைக்கு நடந்தார். பதினெட்டு வருஷத் தொழில். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. அழுதுவிடுவோமோ என்று பயந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கினார். கை மட்டும் வழக்கம்போலத் தன் வேலையைச் செய்தது, கட்டைவிரல் சிவப்பு ஓரத்தைத் தடவியது. முதல் நாலு தாள் விரிந்தது. அதற்கப்புறம் எழுத்தாளர் திறந்த இடம் வரை ஒரே கட்டாக இருந்தது. அதற்கப்புறமும் கடைசி வரை ஒரே கட்டு.

அவர் ஒரு தாளைப் பிரித்தார். சரக். இன்னொன்றைப் பிரித்தார். சரக்.

"சார், ஓரத்துக்குச் சாயம் அடிச்சா தாள் ஒண்ணோடொண்ணு லேசா ஒட்டிக்கும். மொத தபா புரட்டும்போது இப்படிச் சத்தம் வரும். ஒரு தபாதான் வரும்."

ஒன்பது உறுப்பினர்களும் ஹாலின் தரையை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முருகையன் மெதுவாக வேட்டி நுனியைக் கீழே விட்டார். மணியம்மாள் மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

சக்கரபாணி மைக்கை நகர்த்தினார். "பிழை என்பது... மனிதருக்கு... சரி, உட்காருங்க பாய்" என்றார். அந்தச் சீட்டைப் பற்றி அவர் அதன்பின் எப்போதும் பேசவில்லை.

பாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கை யாரோட கை?" என்றார் பலராமன். அவர் மேடைக்கே வந்துவிட்டிருந்தார். "எழுதின ஐயா, நீங்க சொல்லுங்க."

தேன்முகில் தலையைச் சொறிந்தார். "எந்த ரயில் நிலையம்?"

"விழுப்புரம்."

"விழுப்புரமா? ஒரு வேளை டிக்கெட் பரிசோதகரா இருக்குமோ? இல்லை, அது வேற கதை." அவர் சக்கரபாணியைப் பார்த்தார்.

"அது விதியின் கை" என்றார் சக்கரபாணி. குரலில் பழைய பலம் இல்லை.

"விதி ரயில்ல வராதுங்க. சட்டை போட்ட கை, கடிகாரம் கட்டின கை. படிச்சேன்" என்றார் பலராமன். புத்தகத்தைப் பிடுங்கி இருபத்தைந்தைப் பார்த்தார். அதில் கொடைக்கானலில் யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயத்தைப் பார்த்தார். கனகத்துக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். "பாய், நீயாவது சொல்லேன். உன் கையால தச்ச கதை."

முந்நூறு பேர் பாயைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த ஹாலில் படிக்காமலே பேசியவர்கள் ஒன்பது பேர் என்றால், சொன்னதைக் கேட்காமலே பத்தொன்பது வருஷம் "ம்" கொட்டிய ஆள் அவர் ஒருவர்தான். ஊரிலேயே இந்தக் கதையை முழுக்கப் படித்த ஒரே ஒருத்தி, அதை அவர் எதிரே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவர் குழம்பைக் கவனித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அவர்களாவது படித்ததாகப் பொய் சொன்னார்கள். இவர் அதைக்கூடச் செய்யவில்லை.

"எங்க வூட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார் மைக்கிலேயே.

கூட்டம் அத்தோடு முடிந்தது. நன்றியுரைக்கு ஆளில்லை. பாய் முன்னால் நடக்க, பின்னால் பலராமன், அவருக்குப் பின்னால் மெட்ராஸ் பஸ்ஸை விட்டுவிட்ட தேன்முகில், கொஞ்சம் தள்ளி, தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவர்போல் சக்கரபாணி என்று ஓர் ஊர்வலமே தேரடி வீதியைக் கடந்து சந்துக்குள் நுழைந்தது. எல்லோரும் கடை வாசலில் நின்றுகொண்டார்கள். பாய் மட்டும் உள்ளே போனார்.

மெஹ்ருன்னிசா முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து, அன்று காலை அவர் தைத்துப் போட்ட புதுக் கட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு வந்திருந்தாள்.

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மெஹ்ரு, அந்த ஈரக் குடை எப்படி இருந்துச்சு?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"மொத அத்தியாயத்துலேர்ந்து சொல்லு. நான் கேக்கறேன். அந்தக் கை யாரோட கை?"

வாசலில் பலராமன் கழுத்தை நீட்டினார். தேன்முகில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"மெஹ்ரு, நான் கேக்கறது காதுல விழுதா?"

"ம்" என்றாள் மெஹ்ருன்னிசா.